ஹில்ஹெட் கொல்லுப்பட்டறை

வட அயர்லாந்தின் தெற்கு டெரி, மழைக்குப் பஞ்சமில்லாத பகுதி. மாடுகளுக்கான புல்வெளி, உருளைக்கிழங்கு, ஓட்ஸ், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் மண்கட்டி... இவைதான் அந்தக் கால விவசாயிகளின் வாழ்க்கை. அங்கே காசில்டாசன் ஊரை அடுத்த ஹில்ஹெட்டில், சாலையோரமாக இருக்கிறது ஒரு கொல்லுப்பட்டறை. அதை நடத்தியவர் பார்னி டெவ்லின்.

குதிரையை நம்பி உழவு நடந்த காலத்தில், பட்டறை இல்லாமல் விவசாயம் இல்லை. குதிரைக்கு லாடம் அடிக்க, தேய்ந்த கொழுவைக் காய்ச்சித் தட்டிக் கூராக்க, காலால் மிதித்துத் தோண்டும் மண்வெட்டியைச் சரிசெய்ய என எல்லாவற்றுக்கும் கொல்லர்தான்.

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது வெட்டவெளியில் நடக்கும். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாக இரும்பு வளையம் செய்து, நெருப்பில் காய்ச்சுவார்கள். சூட்டில் விரிந்த வளையத்தைக் குறடுகளால் தூக்கிவந்து மரச்சக்கரத்தில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் இறுகிவிடும். இரும்பை முக்கும் தொட்டித் தண்ணீரைத் தடவினால் மரு உதிரும் என்ற நம்பிக்கையும் அயர்லாந்து கிராமங்களில் உண்டு.

இந்தப் பிழைப்பை மாற்றியவரும் வட அயர்லாந்துக்காரர்தான். டவுன் மாவட்டத்து விவசாயியின் மகன் ஹாரி ஃபெர்குசன். டிராக்டரோடு கருவிகளை இணைக்கும் ‘த்ரீ பாயின்ட் லிங்கேஜ்’ அமைப்பை உருவாக்கியவர் அவர். 1946-ல் உற்பத்திக்கு வந்த அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர், சிறு விவசாயிகளின் வயலிலும் இறங்கியது. சென்னையின் டாஃபே நிறுவனம் தயாரிக்கும் ‘மாஸி ஃபெர்குசன்’ டிராக்டரில் இருப்பதும் இவர் பெயர்தான்.

உழவு எளிதானது. ஆனால், குதிரைகள் குறைந்ததும் லாட வேலை போனது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கொழு மழுங்கினால் நடந்துபோய்ச் சரிசெய்துகொள்ளும் தூரத்தில் இருந்த கைத்திறனும் அவற்றோடு போனது.

டெவ்லினின் பட்டறை மட்டும் நினைவில் நின்றதற்கு ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை காரணம். 1939-ல் அந்தப் பகுதியில் பிறந்த கவிஞர் சீமஸ் ஹீனி, இந்தப் பட்டறையை மனதில் வைத்து எழுதிய ‘தி ஃபோர்ஜ்’ கவிதை 1969-ல் நூலில் வெளியானது. 1995-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2000-ம் ஆண்டு பிறந்த நள்ளிரவில், டெவ்லின் தன் பட்டறைக்கல்லைப் பன்னிரண்டு முறை சுத்தியலால் அடித்தார். கனடாவில் இருந்த உறவினர் ஒருவர் அந்த ஓசையை செல்போனில் கேட்டார். ஹீனி அதையும் கவிதையாக்கினார். டெவ்லின் 2016-ல், 96 வயதில் காலமானார்.