கருமணல் கரை

செஞ்சி வட்டாரத்துக் கருங்கற்குன்றுகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர் நிலவியலார். அவ்வட்டாரத்துத் தொண்டூரில், பாறைக்குகை ஒன்றில் சமண முனிவர்க்கென வெட்டப்பெற்ற கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வெழுத்து நமக்குத் தொன்மை. அதைத் தாங்கி நிற்கும் கல்லுக்கோ நேற்றைய கீறல். அவ்வூரில் பிறந்து, முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 2007ஆம் ஆண்டு பிறந்த ஒரு கடற்கரையைக் காண இந்தியப் பெருங்கடலைக் கடந்து சென்றார். எரிமலையை ஆண்டுதோறும் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்தவர் அவர், நேரில் கண்டதில்லை.

அக்கடற்கரை இருப்பது இரெயூனியன் தீவில். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், பிரெஞ்சு நாட்டின் ஆட்சிக்குட்பட்டு விளங்கும் அத்தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். கடலடியிலிருந்து எரிமலைகள் கக்கிய குழம்பு அடுக்கடுக்காய் உறைந்து உயர்ந்ததே அத்தீவு முழுவதும். அதற்கு அடியில் புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடம் உண்டு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலத்தட்டு அதன்மேல் நகர்ந்து சென்றபோது அவ்வெப்பமே தக்காணத்தின் எரிமலைப் பாறைப் பரப்பை உருவாக்கியது. ஆதலால் மராட்டியத்துக் கரும்பாறைகளும் இரெயூனியனும் ஒரே உலையில் வார்க்கப்பட்டவை. அங்கு இன்றும் விழித்திருக்கும் எரிமலையின் பெயர் ‘பித்தோன் தெ லா ஃபூர்னேஸ்’. ‘உலைமுடி’ என்று அதைத் தமிழாக்கலாம். உயரம் 2,632 மீட்டர்.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் உலைமுடியின் கிழக்குச் சரிவு தாழ்வான ஓரிடத்தில் பிளந்தது. பெருகிய தீக்குழம்பு ஒரு நாளுக்குள் காட்டை எரித்து, கடலோரச் சாலையைக் கடந்து, கடலில் வீழ்ந்தது. அடியிலிருந்த குழம்பு வெளியேறியதால் உச்சியிலுள்ள பெருவாயின் தளம் தாங்கலின்றி 300 மீட்டருக்கும் மேலாக உள்ளிறங்கிற்று. மே முதல் நாள்வரை நீடித்த அச்சீற்றத்தில் சில இடங்களில் குழம்பு 60 மீட்டர் கனத்துக்குப் படிந்தது. கடலில் ஆயிரம் பாகையினும் மிகுந்த வெப்பமுடைய குழம்பைக் குளிர்நீர் தொட்டவுடன் அது வெடித்துச் சிதறிக் கருங்கண்ணாடித் துகள்களாயிற்று. அத்துகள்களை அலைகள் வாரிக் கரையில் ஒதுக்கின. அதுவே லெ த்ராம்ப்ளே கடற்கரை. பதினோராம் வகுப்பு மாணவர்க்கு ஓர் அண்ணனின் வயதுதான் அதற்கு!

ஆசிரியரின் தமக்கை மகன் புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, அத்தீவில் பணிபுரிபவர். அவரே மகிழுந்தில் அழைத்துச் சென்றார். சாலையின் இருமருங்கும் உறைந்த குழம்பு. கயிறு திரித்தாற்போல் முறுக்கிக்கொண்ட பாறை ஓரிடம். உழுதுபோட்ட கரிசல் கட்டிகளைப்போல் கரடுமுரடானது மற்றோரிடம். உற்று நோக்கினால் கரும்பாறையின்மேல் வெண்சாம்பல் பூத்தாற்போன்று ஒன்று படர்ந்திருந்தது. அது சாம்பலன்று, கற்பாசி. புதுப்பாறையில் முதலில் குடியேறும் உயிர் அதுவே. பாறைப் பிளவுகளில் பெரணிச் செடிகளும் தலைகாட்டியிருந்தன. மண் இல்லாத இடத்தில் மண்ணை ஆக்கிக்கொண்டே வாழும் கூட்டம் இது என்று அவர் வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

சாலையை விட்டுக் கால்வழிப் பாதையில் இறங்கினர். அங்குப் பழைய காடு அழியாமல் எஞ்சியிருந்தது. ஊன்றுவேர்களைக் காலாக ஊன்றி நின்ற மரங்களைக் கண்டதும் ஆசிரியர் நின்றுவிட்டார்.

“இது தாழையல்லவா?”

“தாழையின் இனந்தான் மாமா. இங்கே வக்கோவா என்பார்கள். இதன் ஓலையில் பையும் பாயும் முடைவார்கள். தக்கமக்கா என்று இன்னொரு மரமும் இத்தீவில் உண்டு. அது நம் புன்னைக்கு உறவு.”

தாழையும் புன்னையும் நெய்தல் நிலத்துக்கு உரியன எனத் தமிழ் கற்ற எவரும் அறிவர். நம் இலக்கியத்தின் வெண்மணல் மட்டும் அங்கு இல்லை.

மணல் கறுத்திருந்தது. கறுப்பென்றால் அடுப்புக்கரியின் மங்கிய கறுப்பன்று; ஈரம்பட்ட இடமெல்லாம் மின்னும் கண்ணாடிக் கறுப்பு. அலை பின்வாங்கிய விளிம்பில் மட்டும் மெல்லிய பசுமை ஓடியது. ஆசிரியர் குனிந்து, சட்டைப்பையிலிருந்த உருப்பெருக்கியால் நோக்கினார். கருந்துகள்களுக்கிடையே இளம்பச்சை மணிகள்! அவை ஒலிவின் என்னும் கனிமம். புவியின் ஆழத்தில் விளைந்த அம்மணிகள் குழம்போடு வந்து சேர்ந்தவை. கண்ணாடித் துகளைவிட எடை மிகுந்தவையாதலின், அலை இலேசானதைக் கொண்டுபோய் இவற்றைத் தனியே நிறுத்துகிறது. களத்துமேட்டில் காற்று பதரைப் பறக்கவிட்டு நெல்லைக் காலடியில் நிறுத்துவதும் இதே கணக்குத்தான். ஒரு பிடி அள்ளப்போனவரை மருமகன் தடுத்தார்: “மணல் எடுக்க இங்கே சட்டம் இடந்தராது மாமா.” நல்ல சட்டந்தான். ஆற்றுமணலை இழந்து நிற்கும் ஊர்க்காரர்க்கு அதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கடைகளில்லை, படகுகளில்லை, குளிப்போருமில்லை. கரையை அடுத்தே கடல் ஆழ்ந்துவிடுவதாலும் அலையின் வலிமையாலும் அங்கு நீந்துவது உயிருக்கு ஆபத்து. தந்த கடலே அக்கரையை அரித்தும் வருகிறது. ஒவ்வொரு பெருங்கடல் எழுச்சிக்குப் பின்னும் அதன் வடிவம் மாறும்.

பாறை முனையில் முதியவர் ஒருவர் தூண்டிலிட்டு அமர்ந்திருந்தார். கறுத்த மேனி, நரைத்த தலை, செஞ்சிச் சந்தையில் காண்கின்ற எந்தப் பெரியவரும் ஆகலாம். ஆசிரியர் தம்மையறியாமல், “வணக்கங்க ஐயா” என்றார். முதியவர் சிரித்தார்; கிரியோல் மொழியில் விடையிறுத்தார். அவருடைய குடும்பப்பெயர் தமிழ்ப்பெயர், உச்சரிப்பு பிரெஞ்சு. தமிழ் அவருக்குத் தெரியாது. அவர் தந்தையாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்நாளில் பூர்போன் என வழங்கிய இத்தீவையும் அதே பிரெஞ்சுக் கம்பெனிதான் ஆண்டது. 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் தீவில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் வந்தன. 1860ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதி மக்களையும் ஒப்பந்தக் கூலிகளாய் ஏற்றிச்செல்ல வழிவிட்டது. கொடுமைகள் மிகுந்ததால் 1882இல் ஆங்கிலேய அரசு அதனை நிறுத்தியது. அதற்குள் பல்லாயிரவர் போய்ச் சேர்ந்துவிட்டனர். பெயர்ப்பதிவில் எழுத்துத் திரிந்தது. பள்ளியில் மொழி மறைந்தது. எஞ்சியவை சில. முருங்கைக்கீரையை அங்குள்ளோர் ‘முருங்’ என்றே சொல்கின்றனர். ‘ருகாய்’ என்னும் தொடுகறியின் பெயர் ஊறுகாயின் திரிபென்பர். எல்லாவற்றினும் வலிதாய் எஞ்சியது தீமிதி.

2007ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டபோது முதியவர் தூண்டிலைச் சுருட்டி வைத்தார். ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள், இரவெல்லாம் வானம் சிவந்திருந்தது, இரைச்சலில் உறக்கமில்லை, கடலிலிருந்து எழுந்த புகை கண்ணையும் நெஞ்சையும் எரித்தது. கடலில் ஆழத்து மீன்கள் செத்து மிதந்தன. தம் வாழ்நாளெல்லாம் கடலில் கழித்தவர் அவற்றுள் பலவற்றை அதற்குமுன் கண்டதேயில்லை.

“பயமாயில்லையா?” என்று கேட்கச் சொன்னார் ஆசிரியர்.

மருமகன் மொழிபெயர்த்த விடை இது: “பயந்தான். ஆனால், நெருப்பு எனக்குப் புதிதில்லை. பதினெட்டு நாள் நோன்பிருந்து பன்னிரண்டு முறை நடந்திருக்கிறேன். பாண்டியாலேக்கு.”

ஆசிரியர் அச்சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பாண்டியாலே. திரௌபதியம்மன் வழிபாடு தழைத்த நிலம் செஞ்சி. பாரதம் படித்து, கூத்தாடி, இறுதியில் தீமிதிக்கும் திருவிழாவைப் பிள்ளைப்பருவம் முதல் பார்த்தவர் அவர். பொருள் விளங்கக் கணநேரம் பிடித்தது.

“பாஞ்சாலி” என்றார்.

முதியவர் மருமகனைப் பார்க்கவில்லை. மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை. “பான்சாலி” என்றார், தலையசைத்துத் தாமே மறுத்து, மீண்டும், “பாஞ்சாலி” என்றார். மேற்கே மலைமீது முகில் இறங்கிக்கொண்டிருந்தது. மழை வருமுன் மேலேறிவிட வேண்டுமென மருமகன் அவசரப்படுத்தினார். தாழைப் பாதையில் மூவரும் ஏறினர். முன்னே சென்ற முதியவர், மூச்சு வாங்கும் இடங்களில் நின்று, அப்பெயரைத் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.