மரியானோ கேட்ட நாதஸ்வரம்

சாக்சஃபோன் என்றவுடன் தமிழர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கத்ரி கோபால்நாத். 1994-இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில், ஏ. ஆர். ரஹ்மானின் இசையில், அவர் வாசித்ததைக் கேட்காத தமிழ் வீடுகள் குறைவு. அவருடைய தந்தை ஒரு நாதஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சஃபோன் ஒலிப்பதைக் கேட்டு மயங்கிய கோபால்நாத், அந்த மேனாட்டுக் கருவியில் கர்நாடக இசையை முழுமையாகக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில் அவர் மறைந்தபோது நம் நாட்டு இசை அன்பர்களும் வருந்தினார்கள்.

நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து சாக்சஃபோனுக்குச் சென்றவரை நமக்குத் தெரிகிறது. சாக்சஃபோனிலிருந்து நாதஸ்வரத்திற்கு வந்தவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் சார்லி மரியானோ. அமெரிக்க ஜாஸ் கலைஞர். அவரை நாதஸ்வரத்தின் பக்கம் திருப்பிய ஊர் தஞ்சாவூரோ கும்பகோணமோ அல்ல, நம்முடைய கோலாலம்பூர்தான்!

இச்செய்தி என்னை வந்தடைந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த சீன நண்பன் ஜாஸ் இசையில் ஊறியவன். ஒருநாள் அவன் ஓர் இசைத்தொகுப்பின் கலைஞர் பட்டியலைக் காட்டி, “நாகஸ்வரம் என்று போட்டிருக்கிறதே, அது என்ன கருவி?” என்று மலாயில் கேட்டான். அது எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மானியக் கலைஞரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’. 1975-இல் பதிவானது. நாகஸ்வரம் என்பதற்கு நேரே இருந்த பெயர் சார்லி மரியானோ. நம் கோயில் வாத்தியத்தை ஒரு ஜெர்மன் இசைத்தட்டில் வாசித்த இவர் யார் என்று அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

மரியானோ 1923 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவ இசைக்குழுவில் வாசித்தார். போர் முடிந்த பின்னர், இன்று பெர்க்லி இசைக்கல்லூரி என்று உலகப் புகழ் பெற்றிருக்கும் நிலையத்தில் பயின்றார். 1953-இல் ஸ்டான் கென்டனின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார். அக்காலத்தில் ஆல்ட்டோ சாக்சஃபோன் வாசித்தவர்கள் அனைவரும் சார்லி பார்க்கர் என்ற மேதையின் நிழலில்தான் நின்றார்கள். மரியானோவும் அதற்கு விலக்கல்லர். ‘பார்க்கரைப் போல வாசிக்கிறார்’ என்பதே அன்று அவருக்குக் கிடைத்த பாராட்டு. ஒரு கலைஞனுக்கு அது பாராட்டா, பாரமா?

1959-இல் ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்தார். இருவரும் சேர்ந்து ஒரு நால்வர் குழு நடத்தினர். ஜப்பானிலும் சில காலம் வாழ்ந்தனர். 1963 சனவரியில், சார்ல்ஸ் மிங்கஸின் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ என்ற தொகுப்பில் மரியானோ வாசித்தார். குழுவின் வாசிப்பைப் பதிவு செய்த பிறகு, அதன் மேலேயே மரியானோவின் தனி வாசிப்பை மிங்கஸ் மீண்டும் பதிவு செய்து சேர்த்தார். ஜாஸ் வரலாற்றின் தலைசிறந்த பதிவுகளுள் ஒன்றாக இன்றும் அது போற்றப்படுகிறது. அதில் அழுவது போலவும் மன்றாடுவது போலவும் ஒலிக்கும் ஆல்ட்டோ சாக்சஃபோன் மரியானோவுடையது. ஆயினும் அத்தொகுப்பைக் கேட்பவர்கள் மிங்கஸின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஊதியவரின் பெயரைச் சொல்பவர்கள் சிலரே.

அடுத்துத்தான் நம் நாட்டுக் கதை வருகிறது. 1961-இல் அல்ஃபோன்சோ சொலியானோவின் தலைமையில் உருவான நம் வானொலி இசைக்குழுவுடன் பணியாற்ற, 1960-களின் நடுப்பகுதியில் மரியானோ கோலாலம்பூர் வந்தார். ஜாஸ் சொல்லிக் கொடுக்க வந்தவரின் காதில் நாதஸ்வரம் விழுந்தது. கேட்டதோடு நின்றிருந்தால் அவரும் சுற்றுப்பயணிகளுள் ஒருவராகப் போயிருப்பார். அவரோ அதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது; சாக்சஃபோனில் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவமும் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு மாணவனாக மாறி, சீவாளியை வாயில் வைத்து முதல் சுரத்திலிருந்து தொடங்கினார். பிற்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் சென்று பயின்றார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெல்ஜிய நாட்டு அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற சாக்சஃபோன் பித்தளையால் ஆனது. அதில் ஒற்றை நாக்கு. துளைகளை மூடித் திறக்க விசைகள் இருக்கின்றன. விசையை அழுத்தினால் அதற்குரிய சுரம் வரும். நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது. அதன் சீவாளியோ நாணலால் ஆன இரட்டை நாக்கு. விசை என்று எதுவும் இல்லை. ஏழு துளைகளின் மேல் வெறும் விரல்கள். அரைச்சுரமும் கமகமும் விரலின் நெகிழ்விலும் உதட்டின் அழுத்தத்திலும் மூச்சின் அளவிலும் பிறக்க வேண்டும். சாக்சஃபோனில் கைவந்த வித்தை பலவற்றை நாதஸ்வரம் ஏற்றுக்கொள்ளாது. இரண்டுக்கும் உள்ள பெரிய உறவு ஒன்றுதான்: இரண்டின் உட்குழாயும் மேலே குறுகிக் கீழே அகன்று செல்லும்.

அமெரிக்கா திரும்பிய மரியானோ 1967-இல் ‘ஆஸ்மோசிஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார், பெர்க்லியில் கற்பித்தார். 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார். நாதஸ்வரமும் உடன் சென்றது. ‘எம்பிரியோ’ என்ற ஜெர்மன் குழுவின் 1973-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், மேலே சொன்ன ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ தொகுப்பிலும், அவருடைய சொந்தத் தொகுப்பான ‘ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்’ என்பதிலும் (1976) அதை வாசித்தார். இந்தக் கடைசித் தொகுப்பில் ஒரு பாடலின் பெயர் ‘பார்வதியின் நடனம்’ என்று பொருள்படும். பெங்களூரில் இயங்கிவந்த கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் கலைஞர்களோடு 1983-இல் அவர் பதிவு செய்த ‘ஜோதி’ இன்னும் ஒருபடி மேல். ஆர். ஏ. ரமாமணி பாடுகிறார், டி. ஏ. எஸ். மணி மிருதங்கம் வாசிக்கிறார். மரியானோ அங்கே சாக்சஃபோனும் புல்லாங்குழலும் மட்டுமே ஊதுகிறார். ஆனால், ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்திற்கு அவர் வழுக்கிச் செல்லும் விதத்தைக் கேளுங்கள். நாதஸ்வரத்தில் பட்ட பாடு சாக்சஃபோனுக்குள் இறங்கியிருக்கிறது. ‘பார்க்கரைப் போல’ என்று அதைக் கேட்டு யாரும் சொல்ல முடியாது. தம் குரலைத் தேடிய ஒரு கலைஞருக்கு நம் கோயில் வாசல் வாத்தியம் வழிகாட்டியது என்பதே என் எண்ணம். 2009 சூன் 16-ஆம் நாள், ஜெர்மனியின் கொலோன் நகரில், தம் 85-ஆவது வயதில் அவர் காலமானார்.

இவ்வளவும் படித்த பிறகு என் நினைவு ஊருக்குத் திரும்பியது. நான் கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்தைச் சேர்ந்தவன். பாலிங் என்றால் வரலாற்று மாணவர்களுக்கு 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் சந்தித்த பேச்சுவார்த்தை நினைவுக்கு வரும். எங்களுக்கு அது சுண்ணாம்புக்கல் மலையும், அதைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களும்தான். லயத்தில் வாழ்ந்த எங்கள் மக்கள் விடியுமுன் பால்வெட்டப் போனார்கள். கையில் காசில்லாத காலத்திலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மேளக்காரர்களை அழைக்கத் தவறியதில்லை. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது, சிவாஜி ஊதுவதாக நடித்த அந்த நாதஸ்வரத்தை, மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை, எங்கள் பெரியவர்கள் இன்றும் வாயாரப் புகழ்வார்கள்.

இன்று பால்மரம் பல இடங்களில் செம்பனையாகிவிட்டது. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உருமி மேளத்தை விரும்பிக் கற்கிறார்கள். தைப்பூசத்தில் அவர்கள் அடிக்கும் அடியில் தரை அதிர்கிறது. ஆகவே இளையோருக்கு இசைப்பற்று இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நாதஸ்வரம் மட்டும் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்க வேண்டிய கலை அது. கற்றபின் அதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியுமா என்ற கேள்விக்குப் பெற்றோரிடமும் பதில் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். தம் தந்தையிடம் கற்றவர். பகலில் தோட்ட வேலை, இரவில் சாதகம் என்று வாழ்ந்தவர். சென்ற விடுமுறையில் அவரைப் பார்க்கப் போய், கைப்பேசியில் மரியானோவின் நாதஸ்வரத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“யாரு தம்பி இது? வெள்ளைக்காரரா?”

“ஆமாங்க ஐயா. அமெரிக்காக்காரர். நம்ம கோலாலம்பூர்ல இருந்தப்பதான் கத்துக்க ஆரம்பிச்சாராம்.”

“ராகம் நம்ம வழியில போகல. ஆனா மூச்சு சரியா இருக்கு. வாத்தியார் இல்லாம இப்படி ஊத முடியாது, தம்பி. இவருக்குச் சொல்லிக் கொடுத்தவரு யாரோ, அவருக்குத்தான் மொதல்ல கும்பிடு போடணும்.”

நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் மரியானோவின் புகழைத்தான் கண்டேன். சொல்லிக் கொடுத்தவரைப் பற்றிய நினைப்பு அந்த முதியவருக்குத்தான் வந்தது.

பிறகு நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு மல்லாரி வாசித்தார். சாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படுவது அது. “கல்யாண வீட்டுல சினிமாப் பாட்டுதான் கேக்குறாங்க. இதை வருசத்துக்கு ஒரு தடவை, தேர் கெளம்பறப்ப மட்டும் வாசிக்கிறேன்” என்றார். அறுபது ஆண்டுகளாக வாசிக்கும் அவருடைய இசை அதுவரை ஒரு நாடாவிலோ ஒரு வட்டிலோ பதிவானதில்லை. மரியானோவின் வாசிப்பை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். இவருடைய வாசிப்பு, கோயில் மதிலைத் தாண்டிய அளவில் காற்றோடு கலந்துவிட்டது.

அன்று கைப்பேசியிலேயே நாற்பது நிமிடங்கள் பதிவு செய்தேன். அவர் பெயர், ஊர், அவருக்குக் கற்பித்த தந்தையின் பெயர், வாசித்த உருப்படிகள், நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பதிவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இடையிடையே சேவல் கூவுகிறது. மோட்டார் சைக்கிள் போகிறது. இருக்கட்டும், அதுவும் எங்கள் ஊர்தானே!

பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் கெடாவிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கோயிலின் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் தேடிச் செல்லுங்கள். ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். அவருடைய குருவின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவற்றையெல்லாம் பேரவையில் ஓரிடத்தில் சேர்த்து வைப்போம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கைப்பேசியும் பொறுமையும் போதும். நாளை இன்னொரு மரியானோ எங்கிருந்தோ வந்து, “இங்கே நாதஸ்வரம் வாசித்தவர்கள் யார்?” என்று கேட்டால், அவர்களுடைய பெயரைச் சொல்லி இசையையும் போட்டுக் காட்ட நம்மால் முடிய வேண்டும்.