கொல்லிமலையில் ஆகாய கங்கை

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி என்னும் அடிவாரத்திலிருந்து கொல்லிமலைச் சாலை 70 கொண்டையூசி வளைவுகளாக மேலேறுகிறது. வளைவுகளுக்கு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் அந்த எண்களை எண்ணிக்கொண்டே இறைநாமம் சொல்வது வழக்கம். வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஏறி முடித்ததும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், பலாவும், வாழையுமாகக் குளிர்ந்த நிலம் விரிகிறது.

அந்த நிலத்தின் ஒரு விளிம்பில், வளப்பூர் நாட்டில், அறம்வளர்த்த நாயகியுடன் அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். தேவாரத்தில் பெயர் சுட்டப்பெற்ற வைப்புத் தலம். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியதும் இப்பெருமான்மீதுதான். உழவன் ஒருவனின் கலப்பை பட்டுக் குருதி பெருக வெளிப்பட்ட மூர்த்தி என்பதும், அந்தத் தழும்பு திருமேனியில் இன்றும் உண்டு என்பதும் தலவரலாறு.

கோயிலருகே ஓடும் ஐயாற்றில் மீன்கள் கூட்டமாகத் திரிகின்றன. முன்னொரு காலத்தில் சிலர் அவற்றைப் பிடித்து அறுத்துச் சமைக்க, துண்டுகள் ஒன்றுகூடி மீண்டும் நீரில் துள்ளிக் குதித்தனவாம். அதனால் 'அறுத்த மீனைப் பொருத்தியவர்' என்றும் சுவாமிக்குப் பெயர். இன்று அந்த மீன்களுக்கு உணவிடுவது வழிபாட்டின் ஒரு பகுதி. பேரப்பிள்ளைகளை அழைத்து வருவோர் இந்தக் கதையை ஆற்றங்கரையிலேயே சொல்லலாம்.

இந்த ஐயாறுதான் சற்றுத் தொலைவு சென்றதும் ஏறக்குறைய 300 அடி ஆழத்துக்குப் பாறைச் சரிவில் விழுகிறது. அதுவே ஆகாய கங்கை. கோயிலுக்கு அருகிலிருந்து படிகள் தொடங்குகின்றன; ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. இருபுறமும் அடர்ந்த காடு. வெயில் தரைக்கு எட்டாத இடங்களும் உண்டு. அருவி கண்ணுக்குத் தெரியுமுன்பே ஓசை வந்துவிடுகிறது. பின்னர் முகத்தில் சாரல். கடைசித் திருப்பத்தில், மூன்று பக்கமும் செங்குத்தான பாறை சூழ, வெண்ணிற நீர் வானத்திலிருந்தே இறங்குவதுபோல் தோன்றுகிறது. பெயர் வைத்தவர் இந்த இடத்தில் நின்றுதான் வைத்திருக்க வேண்டும்.

இறங்குவது எளிது. ஏறுவதில்தான் துன்பம். சில படிகள் உயரமானவை, ஈரத்தில் வழுக்குபவை. முழங்கால் வலியோ இதய நோயோ உள்ளவர்கள் ஆர்வத்தால் இறங்கிவிட்டுப் பாதி ஏற்றத்தில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிடுவது அங்கே அரிய காட்சியன்று. அவர்களைத் தூக்கிவர வேறு வழியும் இல்லை. ஆகவே இறங்குமுன் கோயில் வாசலில் ஒரு நாழிகை அமர்ந்து, தம் உடம்பைத் தாமே உண்மையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. தீர்த்தமாடாமல் தரிசித்தால் யாத்திரை நிறைவுறாது என்ற கவலை பலருக்கு உண்டு. ஆனால் அருவியாக விழும் நீர் கோயிலருகே ஓடும் அதே ஐயாறுதானே! ஆற்றில் கால் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டவருக்கு எது குறைந்துவிடும்? கணவர் மட்டும் இறங்கி, அருவி நீரைச் செம்பில் கொணர்ந்து, மேலே காத்திருக்கும் மனைவியின் கையில் ஊற்றும் தம்பதியரும் உண்டு.

ஆடிப் பதினெட்டை ஒட்டி இங்கே கூட்டம் மிகுதி. முதியோருக்கு அந்நாட்கள் ஏற்றவை அல்ல. கனமழையின்போது வெள்ளம் பெருகுவதால் படிவழியை அடைத்துவிடுவார்கள். கோடையில் அருவி மெலிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழி, தை மாதங்களில் நீரும் இருக்கும், வழியும் திறந்திருக்கும்; குளிருக்கு ஒரு சால்வை வேண்டும். படிகளில் குரங்குகள் இருப்பதால் தேங்காய், பழப் பையைக் கையில் தொங்கவிட்டுச் செல்லலாகாது.

மலையேறவே இயலாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அருவியிலிருந்து இறங்கும் ஐயாறு, மலையின் மறுபக்க அடிவாரத்தில், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் பாறைகளுக்கிடையே அமைதியாக ஓடுகிறது. துறையூர் வழியாக அங்கே செல்லலாம். அறப்பளீசுவரரைத் தொட்டு வந்த நீர் அங்கே கணுக்கால் அளவில் காத்திருக்கிறது.