இழுத்தால் மட்டும் போதுமா?

டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன், நண்பர்களே. கோடை விடுமுறைக்குக் கொலராடோ போக, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ட்ராவல் ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். சாமான்களோடு 3,000 கிலோ. "நம்ம பிக்கப் 4,000 கிலோ இழுக்கும்ப்பா" என்றான். விற்பவரும் அதையேதான் சொன்னாராம்.

இயற்பியல் வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். ஆட்களும் சாமானும் சேர்த்து 635 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர். (இழுவைத் திறனை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இதைக் கதவிடுக்கில் ஒட்டுவார்கள்!)

ட்ரெய்லரின் மூக்கு, வண்டியின் கொக்கி மேல் அழுத்துகிறதே, அந்த எடையும் இந்த 635-க்குள்தான். பொதுவாக ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். 13 என்று வைத்தாலே 390 கிலோ. நாங்கள் ஐந்து பேர் 310. ஆக 700. ஐஸ்பெட்டியும் சைக்கிளும் இன்னும் ஏறவே இல்லை.

"சாமானைப் பின்னால தள்ளி வச்சா மூக்கு எடை குறையுமே மாமா?" என்றாள் மருமகள். நல்ல கேள்வி. குறையும். ஆனால் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். பின் சீட்டில் பேத்தி இருப்பாள்.

பெரிய பிக்கப்புக்கு இப்போது காசில்லை. 1,800 கிலோவில் ஒன்று பார்த்திருக்கிறான். மூக்கு 234, நாங்கள் 310; மிச்சம் 91 கிலோ. சைக்கிள் வராது என்று பேத்தி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.