பிரிவுக்கு ஒரு ரயில் மேடை

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் பிரிவுக்கென்றே ஒரு நிலத்தை வகுத்து, அதற்குப் பாலை என்று பெயரும் இட்டார்கள். இங்கிலாந்தில் பாலை நிலம் ஏது? அந்நாட்டார் அதற்குப் பதிலாக ரயில்வே ஸ்டேஷனை வைத்துக்கொண்டார்கள் போலும்! அத்தகைய ஸ்டேஷன் ஒன்று லங்காஸ்டர் நகரத்துக்கு வடக்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. கார்ன்ஃபோர்த் என்பது அதன் பெயர்.

1945-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டைரக்டர் டேவிட் லீன் தம் பரிவாரத்துடன் அங்கே வந்து இறங்கினார். நோயல் கவர்ட் 1936-இல் எழுதிய ஓரங்க நாடகமொன்று, 'ப்ரீஃப் என்கவுண்டர்' என்ற பெயரில் சினிமாவாகிக்கொண்டிருந்த சமயம் அது. கதை மிகச் சிறியது. குழந்தைகள் உள்ள ஒரு குடும்ப ஸ்திரீ. அவள் கண்ணில் விழுந்த கரித்தூளை எடுத்துவிடும் ஒரு டாக்டர். அவருக்கும் குடும்பம் உண்டு. சில வியாழக்கிழமைகள் சந்திக்கிறார்கள், பிறகு பிரிந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்!

அவ்வளவு தொலைவு ஏன் போனார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். யுத்தந்தான் காரணம். லண்டனில் அப்போது வி-2 ராக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. இரவில் பிரகாசமான விளக்குகளைப் போட்டுப் படம் பிடிக்க வேண்டுமானால், பகைவர் விமானம் வருகிறதென்று தெரிந்தவுடன் அவற்றை அணைக்க அவகாசம் இருக்க வேண்டும். வடக்கே ஒதுங்கியிருந்த கார்ன்ஃபோர்த்தில் அந்த அவகாசம் கிடைத்தது. ரயில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் வராதபடி, இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை வேலை நடந்தது. தேசம் இருளில் கிடக்க, அந்த ஒரு மேடை மட்டும் சமாதான காலத்தைப் போல் ஒளி வீசியது.

சுரங்கப் பாதையிலிருந்து மேடைக்கு ஏறும் சரிவையும் நான் நடந்து பார்த்தேன். மற்ற ஸ்டேஷன்களில் படிக்கட்டு இருக்கும், இங்கே சாய்தளம். கதாநாயகி தடுக்கி விழாமல் ரயிலுக்கு ஓடி வருவதற்கு இது எவ்வளவு சௌகரியம் என்பது நடந்து பார்த்தால் விளங்கும்.

கதாநாயகியாக நடித்தவர் ஸீலியா ஜான்ஸன். அவருடைய கணவர் பீட்டர் ஃப்ளெமிங் அந்தச் சமயத்தில் ராணுவ உத்தியோகமாக நம் இந்தியாவில் இருந்தார். மனைவி அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். விளக்கொளியில் பிரிவை நடித்துக் காட்டிய பெண்மணிக்கு, விளக்கை அணைத்த பின்பும் பிரிவு இருந்தது. கடைசிக் காட்சியில் ஓயாமல் பேசும் ஒரு சிநேகிதி குறுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். விடைபெறவும் வழியில்லாமல், டாக்டர் அவள் தோளை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போகிறார். அப்போது அந்த அம்மையாரின் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு வசனம் வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் மே மாதம் யுத்தம் ஓய்ந்தது. நவம்பரில் படம் வெளிவந்தது. ஆனால் ஸ்டேஷனுக்குக் கஷ்ட காலம் பின்னால் வந்தது. 1970-இல் பிரதான பாதையின் மேடைகள் மூடப்பட்டன. விரைவு வண்டிகள் நிற்காமலே பறந்தன, கட்டிடங்கள் பாழடைந்தன. கடைசியில் அதைக் காப்பாற்றியது அந்தச் சினிமாக் கதைதான்! படத்தின் மேல் பற்றுக்கொண்டவர்கள் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். ஊரார் முயன்று புதுப்பித்து, 2003-இல் கண்காட்சிச் சாலையாகத் திறந்து வைத்தார்கள். படத்தில் வரும் கடிகாரம் மறுபடியும் மேடைக்கு மேலே தொங்குகிறது.

அங்குள்ள தேநீர்ச் சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தில் நாம் காணும் சிற்றுண்டி அறை இங்கே எடுக்கப்பட்டதல்ல. இவ்வூர் அறையைப் பார்த்து டென்ஹாம் ஸ்டூடியோவில் கட்டிய செட் அது. இப்போதோ அந்த செட்டைப் பார்த்து இங்கே அறையை அமைத்திருக்கிறார்கள். அசலைப் பார்த்து நகல். நகலைப் பார்த்து அசல்! இருந்தாலும் தேநீர் சூடாகவே இருக்கிறது.

அங்கே அமர்ந்திருந்த முதிய தம்பதிகளைக் கவனித்தேன். அவர்களில் எத்தனை பேர் யுத்த காலத்து ரயில் மேடையில் தகப்பனாருக்குக் கை அசைத்த குழந்தைகளோ! காதலர் இருவரும் வெறும் கற்பனை. ஆனால் ரயில் புறப்பட்ட பிறகு வெறிச்சென்று கிடக்கும் மேடை கற்பனையல்லவே!