பூட்டு திறக்கும் நேரம்

2008 மார்ச் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் துப்பாக்கிப் பூட்டைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. தலைநகர் வாஷிங்டனில் அப்போதிருந்த சட்டப்படி, வீட்டிலுள்ள துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பிரித்து வைக்க வேண்டும். அல்லது அதன் விசையைப் பூட்டி வைக்க வேண்டும். அந்தப் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்கு, தமக்கு மூன்று வினாடிகள் ஆயின என்றார் நகரத் தரப்பு வழக்கறிஞர் வால்டர் டெல்லிஞ்சர். படுக்கையருகே விளக்கைப் போட்டு, படிக்கும் கண்ணாடியைத் தேடியெடுத்து, பிறகு எண்களைத் திருப்ப வேண்டுமா என்று நீதிபதிகள் கேலியாக அடுக்க, அவையில் சிரிப்பு எழுந்தது. அவ்வாண்டு ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த ஹெல்லர் தீர்ப்பில் அந்த விதி விழுந்தது.

மின்னணுப் பூட்டா, இயந்திரப் பூட்டா என்று இந்நாட்டில் நடக்கும் ஓயாத வழக்கின் சாரம் அந்தச் சிரிப்பில் அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றும். இருட்டில், நடுங்கும் கைகளால், எத்தனை வினாடியில் திறக்கலாம்?

ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் குடியிருக்கும் எங்களிடம் துப்பாக்கி கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் விளையாடப் போகும் வீடுகளில் உண்டு. பிள்ளையை அனுப்புமுன் அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிடும்படி குழந்தை மருத்துவர்கள் இங்கே சொல்லி வருகிறார்கள். (விருந்துக்கு அழைத்தவரிடம் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்கவே கூசுகிற நமக்கு எளிதில் வாயில் வருகிற கேள்வியல்ல இது.) பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். வேதிப்பொருள் ஆலை ஒன்றில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பூட்டைக்கூட ஒரு கருவியாகத்தான் பார்ப்பார்.

அவரிடம் இரண்டு பூட்டுகள் இருந்தன. உடை அலமாரிக்குள் ஆளுயர இரும்புப் பெட்டகம், அதில் எண்வட்டு. இடப்பக்கம் நான்கு சுற்று, வலப்பக்கம் மூன்று, மறுபடி இடப்பக்கம் இரண்டு என்று திருப்பித் திறக்க, நல்ல வெளிச்சத்திலேயே அரை நிமிடமாகும். ஓர் எண்ணைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேட்டரி வேண்டாம், முப்பதாண்டாகப் பழுதில்லை என்பது அவருடைய பெருமை. குறையையும் அவரே சொன்னார்: இந்தத் தாமதத்துக்குச் சலித்துப் பலர் வட்டை முழுதும் கலைக்காமல், ஒரு திருப்பில் திறக்கும்படி விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பூட்டு என்று பெயர் மட்டும்தான்.

படுக்கையருகே இருந்தது மின்னணுப் பெட்டி. விரல்கள் இயல்பாகப் படியும் இடங்களில் நான்கு பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வினாடியில் திறந்து காட்டினார். ஆனால் அதைப் பற்றிப் பெருமையாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. மலிவான பெட்டிகளில் கதவைப் பிடித்திருப்பது ஒரு மின்காந்தச் சுருளின் சிறு முளை. அதைத் தாங்குவது ஒரு வில் மட்டுமே என்பதால், ஓர் அதிர்ச்சியிலேயே முளை துள்ளி விலகிவிடக்கூடும். அப்படிப்பட்ட பெட்டிகள் எவ்வளவு எளிதில் திறக்கின்றன என்று மார்க் வெபர் டோபயஸ் என்ற பூட்டு வல்லுநரும் அவர் குழுவினரும் 2012-இல் காட்டினார்கள். சிலவற்றை ஒரு மூன்று வயதுக் குழந்தையே திறந்தது.

கைரேகைப் பெட்டிகளின் கதை இன்னும் மோசம். 2023 அக்டோபரில் ஒரே நிறுவனத்தின் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. தம் ரேகை பதிவாகிவிட்டதாக உரிமையாளர் நம்பியிருக்க, பெட்டியோ எவர் விரல் பட்டாலும் திறக்கும் நிலையிலேயே இருந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணம் தொடர்பான வழக்கும் அந்த அறிவிப்பில் குறிப்பிடப்பட்டது. அதே ஆண்டில், பெரிய பெட்டக நிறுவனம் ஒன்று வாடிக்கையாளர் ஒருவரின் மின்னணுப் பூட்டுக்கான எண்ணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் கொடுத்த செய்தி வெளியாகி, பலரை மீண்டும் எண்வட்டின் பக்கம் தள்ளியது. பெரியவரின் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில் இருந்தது: ஐந்து பொத்தான்கள் கொண்ட இயந்திரப் பூட்டு. பேட்டரி இல்லை, இருட்டில் தடவியே அழுத்தலாம். சேர்க்கைகள் ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். படுக்கையறைக்கு அது போதும் என்பார்.

இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டாலும் எங்களுக்கு ஒரு நெருடல் இருந்தது. திண்டுக்கல் பூட்டோடு வளர்ந்தவர்களுக்குப் பூட்டென்றால் வெளியே இருக்கும் திருடனுக்கானது. இந்தப் பூட்டோ வீட்டுக்குள் இருப்பவருக்கானது. 2021-இல் இந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 26,328 பேர், தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். எங்கள் ஹூஸ்டனிலேயே, தற்கொலை முயற்சியில் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த இளவயதினரிடம் விசாரித்து, 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை என்றவர்கள் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். அப்படியானால் எண்வட்டு வீணடிக்கும் அந்த அரை நிமிடத்தைக் குறையென்று எப்படிச் சொல்வது? இதை ஒருமுறை பெரியவரிடம் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. பேச்சு அவர் தோட்டத்து எலுமிச்சைக்குப் போய்விட்டது.

பிறகு அவர் மனைவி இறந்தார். அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம், டல்லாஸிலிருந்து வந்த மகன் பெட்டகத்திலிருந்த நீளத் துப்பாக்கிகளைத் தன்னோடு எடுத்துச் சென்றார். முப்பதாண்டு திருப்பிய எண்களை மறக்கச் சொல்ல முடியாதல்லவா. மறுநாள் மாலை பெரியவர் படுக்கையறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வந்தார். புதிய எண்ணை எப்படிப் பதிவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அரை நிமிட வேலை. எண்வட்டுப் பூட்டில் இதற்குப் பூட்டுக்காரரைத்தான் அழைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மின்னணுவுக்கு நிகரில்லை. அவசரச் சாவியையும் மேசைமேல் வைத்தார். "இதை உடைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அது போதும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு திரும்பிப் போனார்.

பத்து மாதம் அந்த எண் எங்கள் இருவர் நினைவில் மட்டுமே இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை. காலையில் அவர் வீட்டுச் செய்தித்தாள் வாசலில் கிடக்கிறதா, எடுக்கப்பட்டுவிட்டதா என்று எங்களில் யாராவது ஒருவர் பார்த்துவிட்டுத்தான் காபி போடுவோம். ஒருநாள் அவரே வந்து எண்ணைக் கேட்டார். மகனிடம் பேசிவிட்டுத் தருகிறோம் என்றோம். "பேசத்தான் வேண்டும்" என்றார். மகன் சம்மதித்த பிறகு சொன்னோம். எங்களுக்குத் தெரியாமல் தோளால் மறைத்துக்கொண்டு அவர் புதிய எண்ணை அழுத்தினார்.

இப்போது அவர் படுக்கையருகே இருப்பது ஐந்து பொத்தான் இயந்திரப் பூட்டு. பழைய மின்னணுப் பெட்டியில் மனைவியின் கண்ணாடியும் மோதிரங்களும் இருக்கின்றன. பேட்டரியை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறாராம்.