முதல் ஆள்

புல்தரை போடும் தொழிலில் பாதி வேலை, புல் வந்து இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். இது தெரியாமல்தான் ஸ்பின்னிங் மில் வேலையை விட்டுவிட்டு, கோவையில் தோட்ட வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த ஓர் அண்ணனிடம் சேர்ந்தேன். அவரிடம் நான்தான் முதல் சம்பள ஆள். அதுவரை மண் அடிப்பது, செடி நடுவது, ரேட் பேசுவது, பணத்துக்கு அலைவது எல்லாம் அவரே. மாதப் பராமரிப்புக்கு வீடுகள் கூடிப்போய், ஒரே நேரத்தில் இரண்டு சைட்டிலிருந்து போன் வர ஆரம்பித்த பிறகுதான் நிரந்தரமாக ஒருவன் வேண்டும் என்று பட்டதாம்.

முதல் ஆளாகச் சேர்பவனுக்குப் பார்த்துப் படிக்க மூத்தவன் கிடையாது. முதலாளிக்கோ வேலை கையில் இருக்கும், வாயில் வராது. நான் குழி எடுத்தால் கொஞ்ச நேரம் பார்ப்பார். "விடு தம்பி, நானே பண்ணிக்கறேன்" என்று மண்வெட்டியை வாங்கிக்கொள்வார். பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் எனக்கு எதுக்குங்ணா சம்பளம்?" என்று கேட்டேன். சிரித்தார். அதிலிருந்துதான் சொல்லித்தர ஆரம்பித்தார்.

முதல் பாடம் கோரை. "இலையைப் பிடுங்கறது கோரைக்கு முடி வெட்டி விடற மாதிரி" என்பார். களைக்கொத்தால் ஓரத்தில் ஆழமாகக் குத்தி, மண்ணோடு நெம்பி, விரலால் உதிர்த்துப் பார்த்தால் அடியில் கறுப்பாகக் கிழங்கு தெரியும். அது ஒன்றோடு நிற்காது. நூல் போன்ற வேரைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு கிழங்கை விட்டாலும் அது மறுபடி தலை நீட்டும். அதனால் கொத்திய இடத்தில் உடனே புல் பதிக்க விடமாட்டார். தண்ணீர் விட்டுக் காத்திருந்து, முளைத்து வரும் கோரையை மறுபடி கிழங்கோடு எடுக்கச் சொல்வார். வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காது. கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். அவசரத்தில் போட்ட கொரியன் புல்லுக்குள் கோரை வந்துவிட்டால் அதைத் தனியே பிரித்தெடுப்பது பெரும்பாடு.

அடுத்தது வாட்டம். ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வைத்து, சுவரை விட்டு வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி மண்ணை இழுக்க வேண்டும். கண்ணுக்கு அழகாகத் தெரிவதை நம்பக் கூடாது. ஹோஸைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகுதான் ரோலர். மாமர நிழலில் கொரியன் கேட்பவர்களிடம், "அங்க வராதுங்க, எருமைப்புல் போட்டுக்கலாம்" என்று வேலை கைவிட்டுப் போனாலும் சொல்லிவிடுவார். ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகளின் வேரில் களிமண் உருண்டை இறுகியிருக்கும். ஓரத்தைத் தளர்த்தாமல் நட்டால் வேர் செம்மண்ணுக்குள் இறங்கத் தயங்கும். கவாத்து, உரம் இதெல்லாம் போகப் போகத் தானாக வந்தது.

இன்று நான் தனியாக எடுத்துச் செய்கிறேன். நானும் ஓர் ஆளைச் சேர்த்த பிறகுதான் ஆள் வைக்க அண்ணன் அத்தனை நாள் தயங்கியது புரிகிறது. வீட்டுக்காரர் பணத்தை அடுத்த மாதம் தரலாம்; ஆளுக்கு சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். அண்ணன் அதை ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை. சட்டைப்பையில் அதற்கென்று தனியாக ஒரு மடிப்பு வைத்திருப்பார். எனக்குத் தெரிந்து அவருடைய ஆட்கள் நிலைத்து நின்றதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர், பி.எஃப். இருபது பேர் இருந்தால்தான் கட்டாயம். ஒரே ஆளை வைத்திருக்கும் நம் தொழிலுக்கு இரண்டும் வராது. அதற்காக, அரிவாளும் புல் வெட்டும் மெஷினும் புழங்கும் இடத்தில் அவனுக்கென்று எதுவுமே இல்லை என்றாகிவிடக் கூடாது. அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு இலவசம். ஆதார், அதோடு இணைந்த மொபைல் எண், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். முதல் ஆளை எடுக்கப்போகிறவர்கள், அவன் கையில் மெஷினைக் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்துகொடுத்துவிடுங்கள்.